தடை உண்டா?

எங்கள் அம்மா தன் மருமகனிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாத்தா காலத்திலேயே கிறிஸ்தவர்களாகி எத்தனையோ வழக்கங்களை விட்டுவிட்டோம். இதை மட்டும் விடவில்லை. அக்கா வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். "அவரைச் சாப்பிடச் சொல்லு", "குழம்பு ஊத்தட்டுமான்னு கேளு" என்று எல்லாமே என் வாய் வழியாகத்தான் போகும். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தந்திக் கம்பம் மாதிரி நின்று எனக்கு அலுத்துப் போயிருந்தது.

பகை இருந்ததா என்றால், இருந்தது. அக்கா வீட்டுக்காரர் தெலுங்கு பேசும் குடும்பத்திலிருந்து ஞானஸ்நானம் எடுத்து வந்தவர். ஓசூரில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகும் லாரியில் அவருக்கு வேலை. அப்பா சாவதற்கு முன் பேசி முடித்த சம்பந்தம் அது. அம்மாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. புதிதாக வந்தவர்கள் எத்தனை நாளைக்கு நிலைப்பார்கள் பார்க்கலாம் என்று கல்யாணத்தன்றே என் காதில் சொன்னார்.

ஐம்பதுகளில் எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே கடை திறந்திருந்தது. இந்தப் பக்கத்து ஆண்கள் சனிக்கிழமை எதற்காகப் பஸ் ஏறுகிறார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். லாரி வேலைக்காரருக்குப் பஸ் கூடத் தேவையில்லை. அக்கா வீட்டுக்காரர் குடித்தார், அக்காவை அடித்தார் என்று சபைக்குத் தெரியவந்ததும், போதகர் அவரை அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தார். அப்போது அக்கா ஒரு காரியம் செய்தாள். அவர் இல்லாமல் நான் மட்டும் போகமாட்டேன் என்று அவளும் கோயிலில் விலக்கப்பட்டவர்கள் உட்காரும் கடைசிப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிபட்டவளுக்கு இவ்வளவு வீம்பு எதற்கு என்று எனக்குக் கோபமாக வந்தது. அம்மாவோ முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அதன் பிறகு அவர் குடியை விட்டார். உண்மையாகவே விட்டார். லாரி எல்லையில் நின்றாலும் கீழே இறங்காமல் மூட்டை மேலேயே படுத்துக்கொள்வார் என்று கூட வேலை செய்கிறவர்களே வந்து சொன்னார்கள். ஒரு வருஷம் போனது. அடுத்து வந்த ஈஸ்டருக்குத் தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி போதகரிடம் கேட்டுக்கொண்டார். அக்காவுக்கு அந்த ஈஸ்டர் பெரிய நாள். அவரோடு சேர்ந்து நடந்து போய் முன்னால் முழங்கால் போட வேண்டும், அதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்கவில்லை. அதற்காகவே கல்யாணத்து வெள்ளைப் புடவையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள்.

எங்கள் சபையில் ஒரு முறை இருந்தது. போதகர் கிருஷ்ணகிரியிலிருந்து எப்போதாவதுதான் வருவார். வந்தால் முந்தின நாள் ஆயத்த ஆராதனை நடக்கும். மறுநாள் திருவிருந்துக்கு வர விரும்புகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்க வேண்டும். போதகர் சபையைப் பார்த்து, "தடை உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பார். யாருக்காவது எழுந்து நிற்பவர்மேல் குறை இருந்தால் அப்போது சொல்லலாம். பெரும்பாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒருமுறை, கீரைப் பாத்தியைக் கோழி கிளறிய விவகாரத்தில் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் தடை சொல்லி, போதகர் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு நிபந்தனை வந்தது. தடை சொல்கிறவர், குறையை முதலில் அந்த ஆளிடமே தனியாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் எழுந்து நின்றார்கள். போதகர் கேட்டார். முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்தார்.

"தடை இருக்குதுங்க ஐயா. நேத்து அவரைப் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். தள்ளாடிக்கிட்டு இறங்கினாரு."

மருமகன் இருக்கும் இடத்தில் வெளிப்படையாக நின்று அம்மா பேசிய முதல் பேச்சு அதுதான். அக்கா தன் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். போதகர் அம்மாவிடம், இதை அவரிடம் தனியாகக் கேட்டீர்களா என்றார்.

"அவர் என் மாப்பிள்ளைங்க. நான் எப்படிப் போய்ப் பேசறது?"

"சபை முன்னால பேச முடிஞ்சுதேம்மா" என்றார் போதகர். கடுமையாகச் சொல்லவில்லை. வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்.

பேச ஆள் வேண்டுமே, அதனால் நானும் போனேன். கோயிலின் பின்சுவர் ஓரம் நல்ல வெயில். அம்மா தலையில் முந்தானையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நேற்று எங்கே போயிருந்தார் என்று கேள் என்றார் என்னிடம். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வீட்டுக்காரரே பேசினார்.

"குடிச்சேங்க அத்தம்மா. லாரி எல்லையில ரிப்பேர் ஆயி நின்னுபோச்சு. கூப்பிட்டாங்க, போயிட்டேன். நீங்க சொன்னதுல தப்பு இல்ல. காலையில அவகிட்டச் சொல்லலாம்னு பாத்தேன். புடவையை மடிச்சுக்கிட்டிருந்தா. வாய் வரல."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. அதைவிட அம்மாமேல் ஆத்திரம். நினைத்ததைச் சாதித்துவிட்டார், இனி தலை நிமிர்ந்து உள்ளே போவார் என்று நினைத்தேன். அம்மா அசையவில்லை. நெற்றியைச் சுவரில் வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பினார். என் பக்கம் அல்ல, அவர் பக்கம்.

"நீங்க தள்ளாடி இறங்கினதைப் பாத்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு" என்றார். "நான் அன்னைக்கே சொன்னேன், பலிச்சுதுன்னு சந்தோசம். எம் பொண்ணு என்ன ஆவாளோன்னு அப்ப எனக்கு நெனப்பே வரல. வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்கினேன்."

அதைக் கேட்டு அக்கா வீட்டுக்காரர் அழுதார். அம்மா அழவில்லை, அவர் அழக்கூடிய ஆளும் இல்லை.

உள்ளே போனதும் மருமகன், தடை நியாயம்தான் என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பாய்க்குப் போனார். அம்மா நின்றுகொண்டே இருந்தார். தன்னையும் விலக்கி வைக்கும்படி கேட்டார். உங்களுக்கு யார் தடை சொன்னார்கள் என்று போதகர் கேட்டார்.

"நான்தாங்க" என்றார் அம்மா.

பிறகு என் முறை வந்தது. எழுந்து நின்றேன். தடை உண்டா என்று போதகர் கேட்டார். சபை அமைதியாக இருந்தது. எத்தனையோ முறை அந்த அமைதியில் சும்மா நின்றிருக்கிறேன். வெளியே யாரும் சொல்லாத தடைகள் எனக்குள் எத்தனை இருக்கின்றன என்று அப்போதுதான் எண்ணத் தோன்றியது.

ஈஸ்டர் காலையில் எங்கள் வீட்டிலிருந்து நான் மட்டும் முன்னால் போனேன். கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைப் புடவையில் அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் புருஷனிடமும் பேசவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை. அம்மா முன்வரிசையை விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது கல் மாதிரி இருந்தாள்.

பண்டிகைச் சாப்பாடு அம்மா வீட்டில்தான். அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், வந்ததும் சமையலறைக்குள் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அவருக்கு நான் இலை போட்டுச் சோறு வைத்தேன். வழக்கம் போல அம்மாவின் பேச்சை எடுத்துக்கொண்டு போகக் கதவருகே வந்து நின்றேன். அம்மா என்னை விலக்கிவிட்டு, குழம்புச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"குழம்பு ஊத்தட்டுங்களா?" என்று அவரிடமே கேட்டார்.

அவர் நிமிரவில்லை. "ஊத்துங்க அத்தம்மா" என்றார்.

சமையலறைக்குள்ளிருந்து அக்கா அழும் சத்தம் கேட்டது. சனிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை அவள் அப்போதுதான் அழுதாள்.