பாஞ்சாலி குடிக்காத பால்

கம்பைநல்லூர்ப் பக்கம் எந்தக் கல்யாணப் பந்தியிலும் நெய்த் தூக்கோடு வருகிறவர் பாஞ்சாலியின் இலையைத் தாண்டிப் போய்விடுவார். "அக்காவுக்கு மோர் ஊத்தாதீங்க" என்று பக்கத்து இலைக்காரியே சொல்லிவிடுவாள். கறி, முட்டை, பால், தயிர் எதையும் தொடாத ஒருத்தி ஊரில் இருப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வாக்கில் சாதாரணச் சங்கதியாகிவிட்டது. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள்கூட அப்படியே இருந்தார்கள். அறுபத்தாறில் அவள் மருமகளாக வந்த அன்று நிலைமை வேறு.

பாவாடை கட்டிய வயதில் அவள் வீட்டுப் பசுவின் கன்று செத்துப்போனது. பால் நின்றுவிடக் கூடாதே என்று அப்பா கருப்பண்ணன் கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அதை நக்கி நக்கிப் பால் சுரந்தது. அன்றோடு பாஞ்சாலி பாலை விட்டாள், கவிச்சியையும் விட்டாள். ஐயர் வீட்டிலேயே மோர் இல்லாமல் சாப்பிடுவதில்லை, இவளுக்கு என்ன வந்தது என்று ஊர் சிரித்தது. களியும் கீரைக் கடைசலும் போதுமென்று அவள் இருந்துகொண்டாள்.

கல்யாணம் பேசும்போது அவள் கேட்டது ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டேன் என்றார் கருப்பண்ணன். மகளிடம் அதட்டிப் பேசுகிற மனுஷனுக்குச் சம்பந்தி முன்னால் வாயில் கொழுக்கட்டை. அவர் சொல்லவே இல்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் வீடு நுழைந்ததும் ஒரே டம்ளரில் பால் குடித்துப் பழம் சாப்பிட வேண்டும். வாசலைத் தாண்டும்போதே பாஞ்சாலி பார்த்துவிட்டாள். மாட்டுக் கொட்டகையில் ஒரு பசு தோல் கன்றை நக்கிக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளை தீர்த்தகிரி தன் பங்கைக் குடித்துவிட்டான். மாமியார் சென்னம்மாள் டம்ளரை இவள் கையில் கொடுத்தாள்.

"குடி கண்ணு."

"அத்தை, எங்கப்பா உங்ககிட்ட சொல்லலீங்களா?"

"என்னத்தச் சொல்லணும்?"

கருப்பண்ணன் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவளுக்கு விளங்கிவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முதல் பாலைத் தள்ளுகிறவள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள், வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா குரலை உயர்த்தினார். தீர்த்தகிரி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாய்தானே, விழுங்கித் தொலைத்தால் வாழ்க்கை தப்பும் என்று பாஞ்சாலி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள். கொட்டகையில் பசு கத்தியது. பால் புடவையில் சிந்தியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"கன்னு செத்தது அந்த மாட்டுக்குத் தெரியாதுங்க அத்தை. கன்னுக்குன்னு சுரந்த பாலுங்க இது. என்னால முடியலீங்க."

சென்னம்மாளின் முகம் வெளுத்துப்போனது. இனி வசவுதான் என்று பாஞ்சாலி தலையைக் குனிந்தாள். பெரியப்பா மறுபடி வாயைத் திறந்தார். சென்னம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டாள். பெண்ணுக்குப் பழம் மட்டும் கொடுங்கள், அது போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நாளைக்குத் துரத்துவார்களோ என்று பாஞ்சாலிக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் பயந்துகொண்டே கொட்டகைக்குப் போனாள். சென்னம்மாள் தரையில் உட்கார்ந்து தோல் கன்றின் தையலைப் பிரித்து, வைக்கோலை உருவிக்கொண்டிருந்தாள். பசுவின் முன்னால் ஒன்றும் இல்லை. பாஞ்சாலியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தீர்த்தகிரிக்கு அப்புறம் ஒரு பொண்ணு பொறந்துச்சு," என்றாள் சென்னம்மாள், நிமிராமல். "பேரு வெக்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. பாலு மட்டும் நிக்கல கண்ணு."