லாரி கேபினில் ஒரு கனடா கதை

போன செவ்வாய்க்கிழமை காலை. குமுளி மலைப்பாதையில் எங்கள் பஸ் சட்டென்று நின்றது. முன்னால் ஒரு காய்கறி லாரி. தடுப்புச் சுவரை இடித்துப் பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ரோடெல்லாம் முட்டைக்கோஸ்.

டிரைவர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். பெயர் முருகேசன், சின்னமனூர்க்காரர். நசுங்கிய கேபினுக்குள் அவருடைய வலது கால் சிக்கிவிட்டது. இழுத்தால் அலறுகிறார். லாரியை அசைக்கலாம் என்றால்... கீழே பள்ளம்.

பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு, பாரம் இழுக்கும் செயின் பிளாக் கொண்டுவர அடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு ஆள் போயிருந்தது. எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு நர்ஸ் ஏறிப்போய் அவருக்குக் கட்டுப் போட்டுவிட்டு இறங்கினார்.

"கண்ணு சொருகுது. தூங்க விட்டுறாதீக. யாராச்சும் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க."

யார் ஏறுவது? கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கறதுலயே ஒல்லி நீங்கதேன் சார்."

ஏறினேன். என்ன பேசுவது? ஊர், பிள்ளைகள், பருவமழை... எல்லாம் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன. அவர் தலை மறுபடியும் சாய்ந்தது. என் தோள்பையில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. ஆங்கிலத்தில் கனடா நாட்டுச் சிறுகதைகள்.

கொஞ்ச நாளாகவே இந்தப் பத்தியில் கனடா எழுத்தாளர்களைப் பற்றிப் பேசி நான் உங்கள் உயிரை வாங்குவது தெரிந்த கதை. எனக்கு ஏன் அவர்கள் மேல் இத்தனை பிரியம்? அவர்கள் கதைகளில் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். பக்கத்து வீடு என்பது இரண்டு மைல் தள்ளியிருக்கும். நடுவே பனி. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதே பெரிய சம்பவம் – அதை வைத்தே நம்மை மூச்சுவிடாமல் உட்காரவைத்துவிடுவார்கள்.

அதில் ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கோதுமை விவசாயம் செய்யும் அண்ணன், தம்பி. வேலித் தகராறில் பேச்சு நின்று பல வருஷம். ஒரு பனிக்காலக் காலையில் அண்ணன் ஜன்னல் வழியே பார்க்கிறான். தம்பி வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை.

முருகேசன் கண்ணைத் திறந்தார். "அடுப்பு எரியலையா?"

"எரியல. அந்தக் குளிர்ல அடுப்பு அணைஞ்சா ஆள் பிழைக்க மாட்டான்."

"பனின்னா... நம்ம மேகமலையில எறங்குமே, அப்பிடியா?"

"இல்ல. இடுப்பு உசரத்துக்குக் குவிஞ்சு கெடக்கும். அதுக்குள்ள நடந்துதான் போகணும்."

"அண்ணங்காரன் போறானா?"

போகிறான். அரை நாள் ரோஷத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்புகிறான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் அந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் டிரைவர் பிரேக் போட்டார்.

புத்தகத்தை எடுத்து, படிக்கப் படிக்கத் தமிழில் சொன்னேன். லாரி ஒருமுறை முனகியது. வெளியே யாரோ "அசையாதீக" என்றார்கள். பக்கத்தைத் திருப்பினேன். வாய் சொல்வதற்கு முன் கண் ஓடிவிட்டது. அண்ணன் கதவைத் திறக்கிறான். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். விறைத்துப்போய்.

நிறுத்திவிட்டேன். கால் சிக்கிக் கிடக்கும் மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது?

"தம்பி உயிரோடதான் இருக்கான்," என்றேன். "அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறான்."

முருகேசன் என் முகத்தையே பார்த்தார். "புஸ்தகத்தப் பாக்காமச் சொல்றீக. செத்துட்டானா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பதறிப்போய்க் கன்னத்தைத் தட்டினேன்.

"முழிச்சுத்தேன் இருக்கேன். உள்ளதப் படிங்க. அண்ணங்காரன் என்ன செஞ்சான்?"

படித்தேன். அண்ணன் அழவில்லை. முதலில் அடுப்பைப் பற்றவைக்கிறான். தன் வீட்டு ஜன்னலில் மனைவி நிற்பாள், புகையைப் பார்த்தால் தான் பத்திரமாக வந்து சேர்ந்ததைத் தெரிந்துகொள்வாள் என்று நினைக்கிறான். அவ்வளவுதான் கதை.

முருகேசன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கேட்டார்: "எம் பொண்டாட்டிக்கு ஆரும் தகவல் சொன்னாகளா?"

யாரும் சொல்லவில்லை. அத்தனை பேர் நின்றோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஆளனுப்புங்க சார். அடி காலுலதேன், நல்லா பேசுறாருன்னு சொல்லச் சொல்லுங்க."

அந்த வளைவில் போன் எடுக்காது; சின்னமனூர் வழியாகத் தேனி போகிற ஜீப் ஒன்று அந்தச் செய்தியோடு இறங்கியது. அதற்கப்புறம் அவர் தூங்கவில்லை. எனக்குக் கதை சொல்லும் வேலையும் இல்லை. பிள்ளைகளைப் பற்றி அவரே பேசிக்கொண்டிருந்தார். செயின் பிளாக் வந்து, லாரியைப் பின்னால் இழுத்துக் கட்டி, தகரத்தை வளைத்து அவரை வெளியே எடுத்தபோது மணி பதினொன்று.

துக்கத்தை மறைத்தால்தான் எதிராளிக்குத் தைரியம் வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். என் பொய் அவரை ஒரு நிமிஷம்கூட ஏமாற்றவில்லை. எங்கோ பனியில் உட்கார்ந்து ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தாரே, அதுதான் முருகேசனைப் பிடித்து நிறுத்தியது.

வெள்ளிக்கிழமை கம்பத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் தப்பிவிட்டது. முன்போல் பிரேக் மிதிக்க முடியுமா என்பது கட்டுப் பிரித்தால்தான் தெரியுமாம். பக்கத்தில் அவர் மனைவி.

"ஜீப்புக்காரக வர்றதுக்குள்ள ஊருக்குள்ள என்னென்னமோ சொன்னாக. பேசுறாகன்னு கேட்டப்பெறகுதேன் எனக்கு மூச்சே வந்துச்சு," என்றார். பிறகு என் தோள்பையைப் பார்த்துத் தயங்கினார். "இவுக ரெண்டு மாசம் படுத்தே கெடக்கணுமாம்... அந்தப் புஸ்தகத்துல வேற கதை இருக்கா?"

இருக்கிறது. கனடா எழுத்தாளர்களுக்கு யாராவது கடிதம் போட்டால் தயவுசெய்து சொல்லுங்கள் – சின்னமனூரில் அவர்களுக்கு இரண்டு வாசகர்கள்.