வெறும் வயிற்றில் சர்க்கரைப் பொங்கல்

சென்ற மாதம் ஈப்போவில் வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். சீனி போடாத கோப்பி கணக்கில் வருமா என்று தாதியிடம் கேட்டேன். நாலு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற, நரை விழுந்த ஆள் கேட்கிற கேள்வியா அது? ஆனால் இந்த மடமை என் சொந்தச் சம்பாத்தியமல்ல, குடும்பச் சொத்து.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வயிற்றுவலி விட்டு விட்டு வந்தது. பித்தப்பையில் கல் இருக்கலாம், இருந்தால் அறுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. நானோ அந்தக் கல்லைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட விடுவார்களா என்ற யோசனையில் இருந்தேன்.

ஸ்கேன் அன்று காலை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. எஸ்டேட்டிலிருந்து மாமாவின் காரில் கிளம்பி, கோப்பெங்கில் பிள்ளையாரைக் கும்பிட்டு, பூசாரி கொடுத்த சர்க்கரைப் பொங்கலை அம்மா எனக்கு ஊட்டிவிட, வெறும் வயிற்றோடு ஈப்போ போய்ச் சேர்ந்தோம்.

ஸ்கேன் எடுத்தவர் ஒரு சீன அக்கா. வயிற்றில் சில்லென்று பசையைத் தடவி, கருவியை அங்குமிங்கும் நகர்த்தினார். வலிக்கவே இல்லை. ஷாக் அடிக்கும் என்று மாமா சொன்னது சுத்தப் பொய். திரையைப் பார்த்த அக்கா, பையன் என்ன சாப்பிட்டான் என்று மலாயில் கேட்டார்.

“ஒன்னுமே சாப்பிடல லா! சாமி பிரசாதம் மட்டுந்தான். நீங்க சொல்லுங்க அண்ணே!” என்றாள் அம்மா.

மாமா மொழிபெயர்த்தார். அக்கா கோபப்படவில்லை. சாமி கொடுத்தாலும் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் இருந்தாலும் தெரியாது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் கோயில் வந்தபோது, “நிப்பாட்டாதீங்க அண்ணே” என்று சொல்லி, ஓடுகிற காரிலிருந்தே கும்பிட்டாள் அம்மா.

மூச்சைப் பிடி என்றால் பிடித்தேன், இடப்பக்கம் திரும்பு என்றால் திரும்பினேன். கல் இருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு, டாக்டர்தான் சொல்வார் என்று அக்கா பசையைத் துடைக்கத் தாள் கொடுத்தார். வெளியே காத்திருந்தபோது அம்மா என் கையை விடவே இல்லை. பசியில் அந்தக் கையையே கடிக்கலாம் போலிருந்தது.

ஒருவழியாக டாக்டர் கூப்பிட்டார். கல்லெல்லாம் இல்லை, மலச்சிக்கல்தான் என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு அலைந்தும் கல் கிடைக்கவில்லையே என்றுதான் அழுகிறாள் என நினைத்தேன். பாவமாக இருந்தது.

“அழாதம்மா. அடுத்த தடவ கண்டிப்பா இருக்கும்” என்று தேற்றினேன்.

கார் சாவியைத் தேடிக்கொண்டே மாமா சொன்னார்: “வயித்தப் பாத்தாங்க, சரி. அப்படியே இவன் தலையையும் ஒரு தடவ பாத்திருக்கலாம் லா.”