ரேவதி போட்ட பதில்

சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை எனக்கு. தூக்கம் போய், எதற்கெடுத்தாலும் அழுகை வந்ததால், மனச்சோர்வுக்கு நாமே செய்துகொள்ளும் ஆன்லைன் பயிற்சி ஒன்றில் போனிலேயே சேர்ந்தேன். தினமும் கேள்விகளுக்குப் பதில் போட வேண்டும். ஒரு நாள் விட்டாலும், முதலிலிருந்து ஆரம்பி என்று உயிரை எடுக்கும்.

அசெம்பிளி லைனுக்குள் போனுக்கு அனுமதியில்லை. வேலை முடிந்து வந்தால் விரலைத் தூக்கவும் தெம்பிருக்காது. அதனால் போனை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு, வேறு ஷிப்டில் இருக்கும் ரூம்மேட் ரேவதியிடம், "எனக்குப் பதிலா நீயே எதையாவது தட்டி வுட்டுடுடி" என்று சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் வந்து பார்த்தால், 'தனியாக இருக்காதீர்கள், உடனே யாரிடமாவது பேசுங்கள்' என்று திரையில் நிற்கிறது. உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு, 'அடிக்கடி' என்று பதில் போட்டிருந்தது.

ரேவதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இன்னாடி இது? நான் அவ்ளோ மோசமாவா கீறேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் ஐடி கார்டை மாட்டிக்கொண்டே, "உன் மனசுல இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? என் மனசுல கீறதைப் போட்டேன்" என்றாள்.

அன்று அவளைப் பஸ் ஏற விடவில்லை. மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தோம்.

இப்போது அவளும் அந்தப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்; அவரவர் பதிலை அவரவரே போடுகிறோம். ஆனால் எவ்வளவு அசதியாக வந்தாலும், அவள் கிளம்பும் முன் "எப்டி கீறே?" என்று வாய்விட்டுக் கேட்கிறேன். யோசிக்காமல் "நல்லா கீறேன்" என்று சொன்னால், கம்பெனி பஸ் போனாலும் போகட்டும் என்று உட்கார வைத்துவிடுகிறேன்.