ஷவ்கியின் அங்கி

கெய்ரோவில் நாய்க்கு இடம் மொட்டை மாடி, பூனைக்கு இடம் மெத்தை. ஷவ்கி இறந்ததும் அவர் வளர்த்த நாய் மாடியில் பட்டினி கிடந்தது. மனசு கேட்காமல் அவர் மனைவி இன்சாஃப் அதை வீட்டுக்குள் கூட்டி வந்தாள். வீட்டுப் பூனை சீறியது, நாய் பாய்ந்தது, வீடே ரணகளமானது.

“நாய் புரள்ற வீட்டுல எங்கடி தொழுவ? மேலயே கட்டிப் போடு” என்றாள் எதிர்வீட்டு ஸீனாத்.

“மேல இருந்தா, அவரு காலடிச் சத்தத்துக்குக் காத்துக்கிட்டே செத்துரும்க்கா. தொழுற அறைக் கதவை நான் சாத்திக்கிறேன். உன் வாயைத்தான் சாத்த முடியல.”

நாய், பூனை இரண்டுக்கும் பழகிய வாடை ஒன்றே ஒன்றுதான். துவைக்காமல் அலமாரியில் வைத்து, தினமும் அவள் முகம் புதைத்து அழுத ஷவ்கியின் அங்கி. அதை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். நாய்க்கு ஒரு பாதி, பூனைக்கு ஒரு பாதி விரித்து, காலைதோறும் மாற்றிப் போட்டாள். ஒன்றின் வாடை மற்றதற்குப் பழகப் பழகச் சீற்றம் அடங்கியது.

குளிர் தொடங்கிய ஒரு மதியம் இரண்டும் ஒரே துணியில் ஒட்டிப் படுத்துத் தூங்கின. இன்சாஃபுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. மற்றப் பாதியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

நாய் வாடை அடித்தது. பூனை வாடை அடித்தது. திருப்பித் திருப்பி முகர்ந்து பார்த்தாள். அவர் வாடை எங்குமே இல்லை.