ஒட்டவைத்த ஊசிமுனை

ஓர் உடைந்த ஊசியை நான் பொய்யாக முழுமையாக்கினேன். அதனால் குற்றமற்ற ஒருத்தியின் வேலை போனது. ஊசியில் என்ன இருக்கிறது என்று சிரித்துவிடாதீர்கள்...

திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் துணி தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அப்போது தைத்த துணிப் பண்டலை ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். தைத்தவரும் நானும் கையெழுத்திட வேண்டும். இந்த விதியை எழுதியவனே நான்தான்! அதில் எனக்கு எத்தனை பெருமை!

அன்று சரக்கு ஏற்ற வாசலில் கன்டெய்னர் காத்து நின்றது. டெய்லர் சரோஜாக்கா உள்ளங்கையில் உடைந்த ஊசியோடு வந்தார்.

"முனை மட்டும் கெடைக்கலீங்க சார். பண்டலை நிறுத்திப்போடலாங்க. கொழந்தைங்க போடற துணிங்க."

முதலாளி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? புது ஊசி ஒன்றை உடைத்து, அதன் முனையை அவர் கொடுத்த துண்டோடு சேர்த்துப் பதிவேட்டில் ஒட்டினேன். முனை கிடைத்துவிட்டது என்று சரோஜாக்காவிடம் சொன்னேன். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். மெட்டல் டிடெக்டர் இருக்கிறதே, அது பிடித்துக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அது பிடிக்கவில்லை. இரண்டு மாதத்தில் வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தது. ஒரு குழந்தையின் சட்டைத் தையலுக்குள் ஊசிமுனை! பண்டல் எண் சரோஜாக்காவைக் காட்டியது. பதிவேட்டைத் திறந்தார்கள். அவருடைய ஊசி முழுசாக இருந்தது. அப்படியானால் வெளியிலிருந்து ஊசி வாங்கி மாட்டி, உடைந்ததை மறைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள்.

"முனை கெடைச்சுதுன்னு சார்தானுங்க சொன்னாரு," என்று அவர் என்னைப் பார்த்தார்.

பதிவேட்டில் இருப்பதுதான் உண்மை என்றேன். பாவி நான்! எத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல்...

போன மாதம் மண்ணரை பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். எங்களிடம் வேலை போனபின் பெரிய கம்பெனி எதுவும் சேர்க்கவில்லையாம். ஒரு சின்னப் பட்டறையில் நூல் பிசிறு வெட்டப் போகிறாராம். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கக் கூடாதா!

"அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலீங்களே, சார்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆகலீங்க," என்றேன்.

முகம் தெளிந்து பஸ் ஏறிப் போனார்.

எனக்குத் தெரியாது... அந்த மெயிலில் குழந்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நானும் இன்றுவரை கேட்கவில்லை.