அத்தை கண்ட வளையல்

வேனுக்குள் ஏறியதும் முகத்தில் அடித்த பவுடர் வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் நடுவில், அம்பத்தூரில் எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் சினிமா வகுப்பு ஒன்று நடந்தது. ஒரு படம் எப்படி உருவாகிறது என்று அறிவியல் டீச்சர் சொல்லிக்கொடுப்பார். பதினொன்றாம் வகுப்பு முடிகிற சமயம், மேலே என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள எங்களைத் திரைப்படக் கல்லூரிக்கு வேனில் அழைத்துப்போனார். நாங்களோ, அங்கே போனால் யாராவது பார்த்து நடிக்கக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று நம்பி, இருபத்திரண்டு பேரும் பட்டுப்பாவாடையும் கனகாம்பரமுமாகக் கல்யாணக் கோலத்தில் வந்து நின்றோம்.

எனக்குத் துணையாக அத்தை வந்தாள். துணை என்பது பேருக்கு; உண்மையில் வேவு பார்க்க. எடிட்டிங் படிக்க வேண்டும் என்று நான் வாயைத் திறந்ததில் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில், "உன் அத்த பாத்துட்டு வரட்டும். அவ சரின்னா சரி. இல்லாங்காட்டி பள்ளிக்கூடத்தோட நிறுத்திக்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அத்தை அப்பாவின் தங்கை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு திருகாணிக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பகுதியில் வேலை. நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, மரை சரியில்லாத திருகாணிகளைப் பொறுக்கித் தள்ளுவாள். சினிமா என்றாலே அவளுக்கு ஆகாது. "ஆட்டம் போடற எடத்துக்கா பொண்ண அனுப்பறது?" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கல்லூரியில் எங்கள் பட்டுப்பாவாடையை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கனகாம்பரம் வாடியதுதான் மிச்சம். எடிட்டிங் ஆசிரியர் எங்களைச் சின்னத் திரை ஒன்றின் முன் உட்காரவைத்து, அவருடைய மாணவர்கள் எடுத்த காட்சியைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். "இதுல ஒரு தப்பு இருக்கு. யார் சொல்றீங்க?" என்று கேட்டார். வகுப்பே திருதிருவென்று விழித்தது. எனக்கும் தெரியவில்லை. எடிட்டிங் படிக்கப்போகிறேன் என்று சண்டை போட்டவள் வாயடைத்து உட்கார்ந்திருந்தது பெரிய அவமானமாக இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "தூரத்துல காட்டசொல்ல கண்ணாடி வளையல் போட்டுகினு இருந்தா. கிட்ட காட்டசொல்ல கை மொட்டையா கீது."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. படத்தை மறுபடி ஓட்டினார். வளையல் இருந்தது, அடுத்த துண்டில் இல்லை. "நான் கேட்டது வெளிச்சம் மாறினதைப் பத்திம்மா. இந்த வளையலை இதுவரைக்கும் நாங்க யாருமே பாக்கலை" என்றார். அத்தையை எடிட்டிங் மேசைக்கு அழைத்துப்போய், படச்சுருளை விளக்கின் மேல் இழுத்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார். குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாடி, இதுவும் எங்க இன்ஸ்பெக்ஷன் மாதிரிதான் கீது. மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விண்ணப்பப் படிவத்தை அவளே கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் எடிட்டிங் வகுப்பில் சேர்ந்த ஒரே பெண் நான். அதற்குப் பிறகு எத்தனையோ படங்களை வெட்டி ஒட்டிவிட்டேன். இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறது. என்னிடம் வேலை பழகும் பெண்கள், வீட்டில் சண்டை போட்டு வந்தவர்களாகத் தெரியவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் பொறாமையும் உண்டு. ஏனென்றால் கல்லூரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று சாயங்காலம், மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு வாசலிலேயே அப்பா எங்களை நிறுத்திவிட்டார்.

"இன்னா சொல்ற?" என்று அத்தையைத்தான் கேட்டார்.

"அது ஆட்டம் போடற எடம் இல்லண்ணே. வேல செய்ற எடம். கையெழுத்து போடு."

"ஊரு இன்னா பேசும்?"

"நான் கம்பெனிக்குப் போனப்ப பேசுன ஊருதானே? வாய் வலிச்சா தானா நிறுத்திக்கும்."

அப்பா படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவினார். அத்தை அதற்குள் தன் பேனாவை மூடி கழற்றி நீட்டிக்கொண்டிருந்தாள்.